பாகூர் முழுக்கப் பச்சை

போன வாரம் திவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். என் முழங்கால் வலியை விசாரித்தாள், பேரனை விசாரித்தாள், பிறகு மெதுவாக விஷயத்துக்கு வந்தாள்.

“அக்கா, புது சிஸ்டம் போட்டுட்டாங்கக்கா. எல்லா ஸ்விட்ச்சோட நோட்டிஃபிகேஷனும் நேரா செல்லுக்கே வருது. நாள் பூரா டொய்ங் டொய்ங்னு ஒரே தொல்லை. எதெல்லாம் ஆஃப் பண்ணலாம்னு நீங்க சொன்னா நல்லாருக்கும்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ அந்தக் கோபம்.

“நீயாடி கேக்கற?” என்று கத்தினேன். “வேற எவ கேட்டாலும் பரவால்ல, நீ கேக்கலாமா? அஞ்சலைய மறந்துட்டியா?”

நான் போனை வைத்துவிட்டேன். அப்புறமும் மனசு ஆறவில்லை. சோற்றில் கை வைத்தால் அந்த ஞாபகம், தொழுதுவிட்டு எழுந்தால் அந்த ஞாபகம். என் மகன்தான் சொன்னான்: “கத்தறதுக்கு பதிலா எழுதி குடும்மா, இப்ப அங்க வேலை பாக்கற பசங்களாவது படிக்கட்டும்.” எழுதுகிறேன். ஆனால் பொறுமையாக எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

என் பெயர் மும்தாஜ். வில்லியனூர் கடைத்தெருவில் எங்கள் அத்தா டார்ச் லைட், பேட்டரி, ஒயர் விற்கிற கடை வைத்திருந்தார். ஒயரைப் பல்லால் உரிக்கக் கூடாது என்று அவரிடம் அடி வாங்கித்தான் தெரிந்துகொண்டேன். பாலிடெக்னிக் படித்தேன். தொலைபேசிக் கேபிள் வேலை பார்த்தேன். பிறகு ஒரு தனியார் கம்பெனியின் நெட்வொர்க் பிரிவில் சேர்ந்து அங்கேயே ஓய்வு பெற்றேன். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன், அவர்களிடம் வக்கீல் இருக்கிறார். வேலை கற்றுக்கொண்ட வருஷங்களைப் பற்றிச் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. ஏணி ஏறினேன், திட்டு வாங்கினேன், பிறகு திட்டவும் கற்றுக்கொண்டேன்.

எங்கள் கம்பெனிக்கு வேலை என்னவென்றால், கொம்யூன் கொம்யூனாக (பக்கத்துப் பக்கத்து ஊர்களைச் சேர்த்து ஒரு பஞ்சாயத்தாக வைத்திருப்பதற்குப் புதுச்சேரியில் அந்தப் பெயர்) ஊர்களில் இருக்கும் பால் நிலையம், ஐஸ் கிடங்கு, மருந்துக் குடோன் இவற்றை எல்லாம் நெட்வொர்க்கில் இணைத்து, புதுச்சேரியில் ஒரு கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது. ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஸ்விட்ச் இருக்கும். சுவரில் விளக்குப் போடுகிற ஸ்விட்ச் இல்லை. ஒரு தட்டையான இரும்புப் பெட்டி, முகத்தில் வரிசையாகத் துளைகள். ஒவ்வொரு துளையிலும் ஓர் ஒயர். ஓர் ஒயர் கூலருக்குப் போகும், ஒன்று கேமராவுக்குப் போகும், ஒன்று பில் போடுகிற கணினிக்குப் போகும். ஸ்விட்ச் உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் கன்ட்ரோல் ரூம் அவ்வப்போது தட்டிப் பார்க்கும். உள்ளே எந்த ஒயர் செத்தது, எது பிழைத்தது என்பதைப் பெட்டிதான் தானாக முன்வந்து சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு எங்கள் தொழிலில் ட்ராப் என்று பெயர். பொறி என்று அர்த்தமாம். யாரைப் பிடிக்க வைத்த பொறி என்று எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது.

அந்தப் பெட்டிக்குச் சொல்லக் கற்றுக்கொடுப்பதுதான் என் வேலை. லேப்டாப்பை ஒயர் போட்டுப் பெட்டியோடு மாட்டுவேன். முதலில், யாரிடம் சொல்ல வேண்டும் என்று கன்ட்ரோல் ரூம் கணினியின் முகவரியைக் கொடுப்பேன். அடுத்து, எதையெதைச் சொல்ல வேண்டும் என்று கொடுப்பேன்: ஒயர் செத்தால் சொல், மறுபடி உயிர் வந்தால் சொல், உடம்பு சூடானால் சொல், நீயே செத்துப் பிழைத்தால் அதையும் சொல். அப்புறம் ஓர் அடையாளச் சொல். பெட்டி ஒவ்வொரு முறை பேசும்போதும் அந்தச் சொல்லையும் சேர்த்தே சொல்லும். சொல் சரியாக இருந்தால்தான் கன்ட்ரோல் ரூம் கணினி காது கொடுக்கும். இல்லையென்றால் தெருவில் எவனோ கத்திக்கொண்டு போகிறான் என்று விட்டுவிடும். அந்தச் சொல்லைத் திரையில் ‘கம்யூனிட்டி’ என்று கேட்கும். எங்கள் கம்பெனியில் அதற்கு வைத்திருந்த சொல் ‘வெற்றி’. வெற்றியாம் வெற்றி!

இதெல்லாம் முடிந்ததும் சேமிக்க வேண்டும். சேமித்தாலும் வேலை முடிந்துவிடாது. கடைசியில் ஓர் ஒயரைப் பிடுங்கி, கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, “செவந்துச்சா?” என்று கேட்க வேண்டும். அங்கே திரையில் அந்த இடம் சிவப்பாக மாறியிருந்தால் சரி. ஒயரை மறுபடி மாட்டி, “பச்சையாச்சா?” என்று கேட்க வேண்டும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் வாங்காமல் நான் எந்த இடத்தை விட்டும் கிளம்பியதில்லை. வில்லியனூரில் ஒரு மருந்துக் குடோன் வாசலில் நின்று “செவந்துச்சா, செவந்துச்சா” என்று போனில் கத்திக்கொண்டிருந்தபோது, பக்கத்து மளிகைக்கடை அண்ணாச்சி எட்டிப் பார்த்து, “இன்னாம்மா, மருதாணி வெச்சிகினியா?” என்று கேட்டார். ஊரே சிரித்தது. சிரிக்கட்டும். வில்லியனூர் கொம்யூனில் நான் கை வைத்த ஒவ்வொரு பெட்டியும் வாய் திறந்து பேசியது.

இனி பத்மநாபன் சார். எங்கள் மேனேஜர். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று புரியாது.

அவர் சத்தமாகப் பேசவே மாட்டார். திட்டமாட்டார், மேசையைத் தட்டமாட்டார். அவர் பேசுவதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும். எல்லோரும் “தங்கமான மனுஷன்” என்பார்கள். காலையில் வந்ததும் கன்ட்ரோல் ரூமின் சுவரில் இருக்கும் பெரிய திரை முன்னால் நிற்பார். கைக்குட்டையை எடுத்து, திரையில் படிந்திருக்கும் தூசியை இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை துடைப்பார். எங்காவது சிவப்பு தெரிந்தால் அவர் முகம் சுருங்கிவிடும், வீட்டுச் சுவரில் யாரோ வெற்றிலை துப்பிவிட்டுப் போனதைப் பார்த்ததுபோல. என்ன பழுது என்று கேட்க மாட்டார். “இது எப்ப பச்சையாவும்?” என்றுதான் கேட்பார். நாம் என்ன குறை சொன்னாலும் தலையை ஆட்டி, “நோட் பண்ணிக்கறேன்” என்பார். கையில் பேனா இருக்காது. பேப்பரும் இருக்காது. எதில் நோட் பண்ணுகிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

ட்ராப்பில் ஒரு குறை உண்டு. பெட்டி ஒரே ஒரு தடவை கத்தும். கேட்டதா இல்லையா என்று திரும்பிப் பார்க்காது. இன்ஃபார்ம் என்று இன்னொரு வகை இருக்கிறது. அதில் பெட்டி சொல்லிவிட்டுக் காத்திருக்கும். ‘கேட்டது’ என்று பதில் வராவிட்டால் மறுபடி சொல்லும். அப்படிப் போடலாம் சார் என்று நான் கேட்டேன்.

“அது நச்சரிப்பு மேடம். ஒரு தடவை சொன்னா போதாதா? ஸ்மூத்தா போவட்டும்” என்றார்.

பாகூர் கொம்யூன் வேலை வந்தபோது எனக்கு மூட்டு ஆபரேஷன். நான் லீவில் இருந்தேன். பத்மநாபன் சார் ஒப்பந்த ஆட்களை விட்டு வேலையை முடித்தார். குமார் என்று ஒருத்தன், கூட இரண்டு பேர். மணப்பட்டு ஐஸ் கிடங்கில் ஆரம்பித்து, அந்தப் பக்கத்து ஊர்கள் அத்தனையிலும் பெட்டிகளை மாட்டினார்கள். சீக்கிரம், சீக்கிரம் என்று விரட்டியதில், ஒயரைப் பிடுங்கிப் பார்க்கிற அந்தக் கடைசி வேலையைச் செய்ய அவர்களுக்கு நேரமே கொடுக்கவில்லை. பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்பதை சார் போனிலேயே சொன்னார். அவர் குரல்தான் தெரியுமே, கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

நான் திரும்பி வேலைக்கு வந்தபோது திரையில் பாகூர் முழுக்கப் பச்சை. கரெண்ட் போய்ப் பெட்டியே படுத்துவிட்டால் மட்டும் சிவக்கும். மற்ற நேரமெல்லாம் பச்சை. மணப்பட்டில் உப்புக் காற்று ஒயரைத் தின்னும், எலி கடிக்கும், கழற்றிய ஒயரை மாட்ட மறந்துபோவார்கள். இதெல்லாம் வில்லியனூரில் தினம் நடக்கிறது, என் பக்கம் தினம் நாலு இடம் சிவக்கிறது. பாகூரில் மட்டும் எலியே இல்லையா?

“பாகூர பாருங்க மேடம்,” என்பார் சார், கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே. “ஒரு கம்ப்ளெயின்ட் இல்ல. உங்க வில்லியனூருதான் எப்ப பாத்தாலும் ரத்தக் களறியா கீது.”

“சார், இவ்ளோ பச்சையா இருந்தா சந்தேகப்படணும் சார். ஒரே ஒரு எடத்துல ஒயர புடுங்கி பாத்துட்டு வந்துடறேன்.”

“ஓடிகினு இருக்கறதுல ஏன் கை வைக்கணும்? வுடுங்க மேடம்.”

நான் விடவில்லை. மெயில் போட்டேன், நேரில் கேட்டேன், மீட்டிங்கில் கேட்டேன். நோட் பண்ணிக்கொண்டார். கம்பெனி ஆண்டு விழாவில் பாகூர்ப் பிரிவுக்கு ‘பழுதே இல்லாத கொம்யூன்’ என்று ஒரு கேடயம் கொடுத்தார்கள். மேடையில் ஏறி வாங்கியவரும் அவர்தான்.

அதே பாகூர் கொம்யூனில், செலியமேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஊர். அந்த ஊரின் பெயர் வேண்டாம். அங்கே ஒரு தனியார் பால் கம்பெனியின் குளிரூட்டும் நிலையம். சாயந்தரம் ஊர்ப் பெண்கள் கறந்துகொண்டு வருகிற பாலை அளந்து, பெரிய கூலரில் ஊற்றிக் குளிர வைப்பார்கள். காலையில் டேங்கர் வந்து எடுத்துப்போகும். அதை நடத்தியவள் அஞ்சலை. எட்டாவது படித்தவள், இரண்டு பெண் குழந்தைகள், கொத்து வேலைக்குப் போகிற புருஷன். அந்த நிலையத்தின் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பாள். ஊரில் அந்தச் சாவிக்கு ஒரு மரியாதை இருந்தது. கூலர் நின்றுபோனால் எங்கள் கன்ட்ரோல் ரூமில் சிவக்கும். சிவந்தால் கணினி தானாக ஒரு டிக்கெட் திறக்கும், அதாவது புகார் எண் போட்டுப் பதிவு செய்யும். டிக்கெட் இருந்தால்தான் ஜெனரேட்டர் வண்டி கிளம்பும். இதுதான் ஏற்பாடு. டிக்கெட் இல்லாமல் வண்டி அனுப்பக் கூடாது என்று விதி போட்டவர் யார் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் சாயந்தரம், பால் ஊற்றி முடித்த நேரத்தில், அந்த நிலையத்துக்கு வரும் மூன்று பேஸ் கரெண்டில் ஒரு பேஸ் போய்விட்டது. கூலர் நின்றுவிட்டது. அதிலிருந்து ஸ்விட்ச்சுக்கு வரும் ஒயரும் செத்துவிட்டது. ஆனால் ஸ்விட்ச் வேறு பேஸில் இருந்ததால் ஓடிக்கொண்டிருந்தது. குண்டு பல்பும் எரிந்துகொண்டிருந்தது. அஞ்சலை உடனே எங்கள் கன்ட்ரோல் ரூமுக்குப் போன் செய்தாள்.

“அம்மா, கூலர் நின்னுபோச்சி. ஒரு பேஸு போச்சி போலகீது. வண்டி அனுப்புங்க, பால் கெட்டுடும்.”

“இங்க பச்சையா இருக்கும்மா. கூலர் ஓடுதுன்னுதான் காட்டுது. நல்லா பாருங்க.”

“நானு பக்கத்துலதான் நிக்கறேன், ஓடல.”

“சிவந்தாதான்மா டிக்கெட் வரும். டிக்கெட் இல்லாம நான் வண்டி அனுப்ப முடியாது.”

அஞ்சலை திரும்பத் திரும்பப் போன் செய்தாள். ஒவ்வொரு தடவையும் அதே பதில். பதில் சொன்னவள் வேறு யாருமில்லை, இந்தத் திவ்யாதான். புதிதாகச் சேர்ந்தவள், விதியைக் காட்டிப் பயமுறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது புரிகிறதா, அவள் “எதை ஆஃப் பண்ணலாம்” என்று கேட்டதும் எனக்கு ஏன் தலைக்கேறியது என்று?

காலையில் டேங்கர்க்காரன் மூடியைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டான். ஊர்ப் பால் அத்தனையும் சாக்கடையில் போனது. அஞ்சலை நடந்ததைச் சொன்னாள். யாரும் நம்பவில்லை. “பல்பு எரிஞ்சிதே, நாங்க பாத்தமே, கரெண்ட் எங்க போச்சி?” என்று கேட்டார்கள். கூலரைப் போட மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறாள் என்று பேச்சு. பால் கம்பெனியின் ஏஜென்ட் கலியமூர்த்தி சாவிக்கொத்தைப் பிடுங்கிக்கொண்டார். எதிர் வீட்டு முனியம்மா கெட்டுப்போன தன் பாலை ஒரு குடத்தில் கொண்டுவந்து அஞ்சலை வாசலிலேயே ஊற்றிவிட்டுப் போனாள். அஞ்சலையின் பெண்களைப் பள்ளிக்கூடத்தில் “புளிச்ச பாலு” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

பால் கம்பெனி எங்களிடம் விளக்கம் கேட்டது. பத்மநாபன் சார் எழுதினார்: அலாரம் எதுவும் வரவில்லை, ஆகவே மின்சாரத்தில் குறை இல்லை, ஆகவே தவறு ஆபரேட்டருடையது. படித்ததும் எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டது. வாய் கட்டிய பெட்டி பேசவில்லை என்பதே ஒரு பெண் பொய் சொன்னதற்குச் சாட்சியா? என்ன அநியாயம் இது!

நேராகக் குமாருக்குப் போன் போட்டேன்.

“குமாரு, பாகூர் ஸ்விட்ச்ல முகவரி சரியா போட்டியா?”

“போட்டேன் மேடம்.”

“கம்யூனிட்டின்னு கேக்கும், அதுல இன்னா போட்ட?”

“பாகூர்னு போட்டேன்.”

“இன்னாது?”

“பாகூர் மேடம். நம்ம எல்லா எடமும் பாகூர் கொம்யூன்ல தான வருது?”

எனக்குச் சிரிப்பு வந்தது, அல்லாஹ் மேல் ஆணையாக, அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. நம் ஊரில் பிறந்தவன் வேறு எப்படிச் செய்வான்? பிறப்புச் சான்றிதழிலிருந்து ரேஷன் கார்டுவரை எந்தப் படிவத்தை நீட்டினாலும் பெயர், ஊர், கொம்யூன். அந்தப் பக்கம் சார் கிணற்றுக்குள்ளிருந்து “கம்யூனிட்டி, வெற்றி” என்று முனகியிருக்கிறார். இவன் காதில் “கொம்யூன்” மட்டும் விழுந்திருக்கிறது. ஆங்கிலத்தில் கம்யூனிட்டிக்கும் கொம்யூனுக்கும் முதல் எழுத்துகள் ஒன்றுதான், திரையில் அதையே பார்த்திருக்கிறான். அடித்துவிட்டான். ‘வெற்றி’ என்று சொல்ல வேண்டிய பெட்டிகள் எல்லாம் ‘பாகூர், பாகூர்’ என்று கத்தியிருக்கின்றன, கன்ட்ரோல் ரூம் கணினி ஒன்றையும் காதில் வாங்கவில்லை.

“மேடம், தப்பு பண்ணிட்டனா?” என்று குமார் பயந்துபோய்க் கேட்டான்.

“நீ இல்லடா. ஒயர புடுங்கி பாக்க வுடாதவன் பண்ண தப்பு” என்றேன்.

பத்மநாபன் சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இந்த ஒரு தடவைதான் அவர் “நோட் பண்ணிக்கறேன்” என்று சொல்லவில்லை. எழுந்து கதவைச் சாத்தினார்.

“யாருக்கும் தெரிய வேணாம் மேடம். இங்கேர்ந்தே ஒவ்வொண்ணா சத்தமில்லாம திருத்திடுங்க. நம்ம கம்பெனி பேரு முக்கியம்.”

“அந்தப் பொண்ணு பேரு?”

“அது பால் கம்பெனி விஷயம். வர வெள்ளிக்கிழம நானே போறேன். ஊர் முன்னாடி ஒரு மன்னிப்பு கேட்டுகினா, வேற எங்கனா பெருக்கற வேல குடுக்க சொல்றேன். பாவம்தான்.”

பாவமாம்! செய்யாத தப்புக்கு ஊர் முன்னால் கைகட்டி நிற்க வேண்டுமாம், பதிலுக்குத் துடைப்பம் கொடுப்பாராம். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் மேசை மேலிருந்த கேடயத்தை எடுத்து வீசியிருப்பேன். வீசவில்லை. “நானும் வரேன் சார், பெட்டிய ஒரு தடவ பாக்கணும்” என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமைவரை பாகூரில் ஒரு பெட்டியையும் திருத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப்பில் போனோம். கரிக்கலாம்பாக்கம் தாண்டும்போது, வயலில் நட்டிருந்த மனைக் கற்களைப் பார்த்துக்கொண்டே சார் சொன்னார்: “மேடம், அங்க வந்து டெக்னிக்கலா எதுவும் பேச வேணாம்.”

“பேசமாட்டேன் சார்.”

பால் ஊற்றுகிற நேரத்துக்கே கூப்பிட்டிருந்தார்கள், ஊர்க்காரர்கள் எல்லோரும் இருக்க வேண்டும் என்று. பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். கலியமூர்த்தி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார், சாவிக்கொத்து அவர் மடியில். அஞ்சலை கேட்டுக்கு வெளியே நின்றாள். உள்ளே வரக்கூடாது என்று சொல்லியிருந்தார்களாம். அவளை அன்றுதான் நான் முதல்முறை பார்த்தேன். அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

சார் மெல்லிய குரலில் ஆரம்பித்தார். தவறு மனிதர்களுக்கு சகஜம், மன்னிப்பது பெருந்தன்மை என்று ஏதோ. நான் நேராகச் சுவரில் இருந்த பெட்டியிடம் போய், கூலரின் ஒயரைப் பிடுங்கினேன். பிடுங்கிய கையோடு கன்ட்ரோல் ரூமுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தேன்.

“திவ்யா, பாகூர் எப்டி கீது?”

“சூப்பரா இருக்கு மேடம். ஃபுல்லா பச்சை.”

“பால் நிலையம்?”

“பச்சைதான் மேடம். கூலர் நல்லா ஓடுது.”

ஒயரை எல்லோருக்கும் தெரிகிறமாதிரி உயரத் தூக்கிப் பிடித்தேன்.

“நல்லா பாத்து சொல்லு.”

“பாத்துட்டேன் மேடம். ஒரு ப்ராப்ளமும் இல்ல.”

வரிசையில் நின்ற முனியம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். “இன்னாடி இது! ஒயரு இந்தம்மா கையில தொங்குது, அங்க ஓடுதுன்றா?”

“அன்னிக்கும் இதான் நடந்துச்சி,” என்றேன். “இவங்க போன் பண்ணி சொல்லிகினே இருந்தாங்க. எங்க ஆளுங்க பச்சைய பாத்துகினே இருந்தாங்க. எங்க மிஷினுக்குத்தான் காது அடைச்சிருந்துச்சி.”

“மேடம், ப்ளீஸ்,” என்றார் சார், அவருடைய குரலில். நான் குனியவில்லை, அதனால் எனக்குக் கேட்கவில்லை.

லேப்டாப்பை மாட்டி, எல்லோரும் பார்க்க அந்த ஒரு சொல்லை மாற்றினேன். ஒயரை மாட்டி, மறுபடி பிடுங்கினேன். போனில் திவ்யா அலறினாள்: “மேடம்! செவந்துருச்சி மேடம்! பாகூர்ல செவப்பு!” என்ன செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அப்புறம் ரொம்ப நாள் அவள் எந்தச் சிவப்பையும் அலட்சியம் செய்யவில்லை. அதை எல்லாம் மறந்துதான் போன வாரம் எனக்குப் போன் செய்தாள்.

இதற்குப் பிறகு ஆபீசில் நடந்ததை இங்கேயே சொல்லித் தொலைத்துவிடுகிறேன், கடைசியில் சொன்னால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும். எனக்கு மெமோ கொடுத்தார்கள், அனுமதி இல்லாமல் ஓடுகிற ஒயரைப் பிடுங்கியதற்கு. பாகூரில் எல்லாப் பெட்டிகளிலும் நான் அந்தச் சொல்லைத் திருத்தி, இன்ஃபார்முக்கு மாற்றினேன். மறுநாளே மணப்பட்டிலிருந்து இந்தக் கோடிவரை சிவப்பு. எத்தனை எலி, எத்தனை துரு, எத்தனை அறுந்த ஒயர்! கேடயத்தை மட்டும் யாரும் திருப்பிக் கேட்கவில்லை. பத்மநாபன் சாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? பதவி உயர்வு. இப்போது எந்த ஊர்த் திரையைத் துடைத்துக்கொண்டிருக்கிறாரோ.

அன்று அந்த நிலையத்தில், திவ்யா போனை வைத்த பிறகு, கலியமூர்த்தி எழுந்து வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, சாவிக்கொத்தை நீட்டினார்.

“சரி சரி, வுடு அஞ்சல. நாளைலர்ந்து வந்துடு.”

அஞ்சலை கேட்டைத் தாண்டி உள்ளே வந்தாள். ஆனால் சாவியை வாங்கவில்லை.

“நானு பொய் சொல்லலன்னு சொல்லுங்க.”

“அதான் ஒயரே சொல்லிச்சேம்மா.”

“ஒயரு சொல்லிச்சி. நீங்க யாரும் சொல்லல.” அவள் பத்மநாபன் சார் பக்கம் திரும்பினாள். “நானு தூங்கிட்டேன்னு எழுதி குடுத்தது நீங்கதான? நீங்க சொல்லுங்க.”

சார் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். என்னைப் பார்த்தார். நான் ஒயரை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் ஏதோ முணுமுணுத்தார்.

“கேக்கல,” என்றாள் அஞ்சலை.

“நீங்க பொய் சொல்லலம்மா.”

“கேக்கல சார்.”

“நீங்க பொய் சொல்லல.” இந்தத் தடவை வரிசையில் முன்னால் நின்ற இரண்டு பேருக்குக் கேட்டிருக்கும்.

“அங்க கடைசில நிக்கறவங்களுக்கு கேக்கல.”

நான் அவரோடு வேலை பார்த்த இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் கத்தி நான் பார்த்ததில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, முகம் சிவந்தது.

“நீங்க பொய் சொல்லல!”

தெருவில் போன சைக்கிள்காரன் நின்று திரும்பிப் பார்த்தான்.

“ம். இப்ப கேட்டுச்சி” என்றாள் அஞ்சலை. சாவிக்கொத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, வரிசையைப் பார்த்து, “மொத ஆளு வாங்க” என்று முனியம்மாவின் குடத்துக்குக் கையை நீட்டினாள்.